கருந்துளையும் தாரையும்

கருந்துளைக்குள் விழுந்த எதுவும், ஒளிகூட, மீண்டு வராது என்பது நீங்கள் அறிந்ததே. ஆயினும் எம்87 என்னும் கலக்சியின் மையத்திலுள்ள கருந்துளையின் அருகிலிருந்து ஏறத்தாழ 5000 ஒளியாண்டு நீளமான தாரை ஒன்று பாய்கிறது. இது எவ்வாறு சாத்தியமாகும்?

எம்87 எம்மிலிருந்து சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் உள்ளது. அதன் தாரையை 1918 இல் அமெரிக்காவின் லிக் வானாய்வு நிலையத்தில் ஹீபர் கேர்ட்டிஸ் அவதானித்தார். நேரான கதிர் ஒன்று தெரிகிறது என அவர் குறிப்பிட்டார். அங்குள்ள கருந்துளையின் படம் வெளியானது 2019 இலேயே. அதன் திணிவு சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 650 கோடி மடங்காகும்.

கருந்துளையை நெருங்கும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. அது தட்டுப்போல் பரந்து, சுழன்று சுழன்றே உள்நோக்கிச் செல்கிறது. அப்போது அதன் ஈர்ப்பு அழுத்த சக்தி இயக்கச் சக்தியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. இச்சக்தி சிறிதன்று. 1 கிலோகிராம் ஐதரசன் ஈலியமாக மாறும்போது சுமார் 7 கிராம் திணிவே சக்தியாகிறது. அதே 1 கிலோகிராம் கருந்துளையைச் சுற்றித் தட்டாக விழும்போது சுமார் 60 கிராமுக்கு ஈடான சக்தி வெளிப்படலாம். கருந்துளை வேகமாகச் சுழன்றால் இன்னும் கூடுதலாகும்.

சூடான வாயு பிளாஸ்மா நிலையில் இருப்பதால் காந்தப்புலத்தையும் தன்னுடன் இழுத்துச் செல்கிறது. சுழற்சியால் காந்தப்புலக் கோடுகள் கயிறுபோல் முறுக்கப்படுகின்றன. இவை ஏற்றமுள்ள துணிக்கைகளைச் சுழற்சி அச்சின் வழியே இரு பக்கமும் வீசுகின்றன. கருந்துளையின் சுழற்சிச் சக்தியையே காந்தப்புலம் இவ்வாறு பறிக்கலாம் என 1977 இல் பிளான்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் காட்டினர். எனவே "கருந்துளை துப்புகிறது" என்று விடை எழுத வேண்டாம். தாரையாகும் சடப்பொருள் எல்லையைத் தாண்டி உள்ளே போனதே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1994 - 1998 காலத்தில் ஹபிள் தொலைகாட்டி எடுத்த படங்களில் இத்தாரையின் சில முடிச்சுகள் ஒளியைப்போல் 6 மடங்கு வேகத்தில் நகர்வதாகத் தோன்றியது! இதை விளங்கிக்கொள்ள உங்கள் கணித பாடமே போதும். ஒரு முடிச்சு 10 ஆண்டுகளில் எம்மை நோக்கி 9 ஒளியாண்டும் பக்கவாட்டில் 4 ஒளியாண்டும் நகர்வதாகக் கொள்க. பயண முடிவில் அது விடும் ஒளி, 9 ஒளியாண்டு அருகிலிருந்து புறப்படுகிறது. ஆகவே பயணத் தொடக்கத்தில் விட்ட ஒளி எம்மை அடைந்து 1 ஆண்டிலேயே இதுவும் வந்துவிடும். பார்ப்பவருக்கு 1 ஆண்டில் 4 ஒளியாண்டு நகர்ந்ததுபோல், அதாவது ஒளியின் 4 மடங்கு வேகம்போல் தெரியும். பைதகரசின் தேற்றப்படி உண்மைத் தூரம் √(81+16), அதாவது சுமார் 9.85 ஒளியாண்டு. அதற்கு எடுத்த காலம் 10 ஆண்டு. வேகம் ஒளியின் வேகத்திலும் குறைவே.

தாரை எம்மை நோக்கிச் சாய்ந்திருப்பதால் மட்டுமே இப்படித் தோன்றுகிறது. இதே காரணத்தால் அதன் ஒளி எமக்குப் பிரகாசமாகவும் தெரிகிறது. எதிர்ப்பக்கத் தாரையோ எம்மை விட்டு விலகிச் செல்வதால் மிகவும் மங்கிவிடுகிறது.