தின்பதா, அடை வைப்பதா?

கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியப் பக்கம் இறப்பர் மரங்களுக்கடியில் கிடக்கும் இருட்டு, விடிந்த பிறகும் சட்டென்று விலகாது. பால் வெட்டப் போகிறவள் கூட்டைத் திறந்து, ஒரு பிடி குறுணையை வாசலில் வீசிவிட்டுத்தான் மலை ஏறுவாள். வேலை முடிந்து இறங்கியதும் விறகுக்கட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவுவாள். சூடு ஆறாத ஒரு முட்டை அகப்படும். அதோடு ஒரு கணக்கும் ஆரம்பமாகும். இதைப் பிள்ளைக்குப் பொரித்துக் கொடுப்பதா, கடைக்குக் கொடுப்பதா, அடைக்கு எடுத்து வைப்பதா?

2022இல் இந்தக் கணக்கு இலங்கை நாட்டுக்கே வந்தது. முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை விதித்ததில் சோள விளைச்சல் சரிந்தது. தீவனம் இறக்கவும் டொலர் இல்லை. பண்ணைக்காரர்கள் முட்டையிடும் கோழிகளையே இறைச்சிக்கு விற்றார்கள். அந்த ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசு உச்ச விலை வைத்தது. விலை கட்டுக்குள் நிற்கவில்லை. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக இருந்த காலம் அது. ஒரு முட்டை 50 ரூபா என்றால், ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, 20 முட்டை. அப்போதுதான் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோழிக்கு மரியாதை வந்தது என்று சொல்லலாம். அதுவரை அது காய்கறிப் பாத்தியைக் கிளறும் சனியன்.

ஆனால் நாட்டுக்கோழி கணக்குக்கு எளிதில் அடங்காது. ஒரு முறை இடத் தொடங்கினால் 12, மிஞ்சினால் 15 முட்டை. பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். பொரிக்க 21 நாள். குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது இரண்டு மாதத்துக்கும் மேல். அது மறுபடி முட்டையிட வருவதற்குள் ஒரு பருவமே போய்விடும். வருடம் முழுக்கச் சேர்த்தால் 40இலிருந்து 60 வரை தேறும். பண்ணை இனமோ 300 வரை இடும். ஆனால் தினம் 110 கிராம் அளவில் தீவனம் கேட்கும், அடையும் உட்காராது. சம்பள நாளுக்கு நான்கு நாள் முன்பு தீவன மூட்டை காலியானால் முட்டையும் நின்றுவிடும். கறையானும் மண்புழுவும் தேங்காய்ப்பூச் சக்கையும் தின்று பிழைக்கிற கோழிதான் லயத்துக்கு வாய்த்த கோழி என்பது என் கட்சி. அதுவும் எதையும் தின்னலாம் என்று விட்டுவிட முடியாது. வெடித்து விழும் பச்சை இறப்பர் கொட்டையில் சயனைட்டு நஞ்சு இருக்கிறது.

ஆக, முட்டையை எப்படிக் கூட்டுவது என்று மண்டையை உடைப்பதில் பெரிய பலன் இல்லை. நட்டம் வேறிடத்தில் நடக்கிறது. பத்துக் குஞ்சு பொரித்தால் பத்தும் வளர்வதில்லை. மூன்று நான்கு தேறினாலே அதிர்ஷ்டம் என்று விட்டுவிடுகிறார்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். சரிதான், இங்கே அது நனைந்து சாகிறது. கேகாலை மாவட்டத்து மழை அப்படி. மிச்சத்தைப் பருந்தும் கீரியும் பார்த்துக்கொள்ளும், இராத்திரிக்கு மரநாய். முதல் மூன்று நான்கு வாரம் குஞ்சுகளை வெளியே விடாமல், பகலில் பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்தும், இராத்திரியில் ஒரு பெட்டிக்குள் குண்டு பல்ப் போட்டும் காப்பாற்றினால் பாதிக்கு மேல் நிற்கும். பிறகு குஞ்சைப் பிரித்துவிட்டால் தாய் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். அடைக்கோழிக்கு இது அநியாயம்தான்.

கூட்டைத் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்தி, அடியில் சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பது நல்லது. எச்சம் கீழே விழும், கத்தரிச்செடிக்கு ஆகும். இடம் போதவில்லை என்று லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டிக் கூடு வைக்கிற வழக்கம் மட்டும் வேண்டாம். 2016 மே மாதம் இதே புளத்கொகுபிட்டியவில், களுபஹன தோட்டத்தில், மண் சரிந்து லயத்து வீடுகளும் ஆட்களும் புதைந்ததை மறக்க முடியுமா? சரிவின் அடியை வெட்டினால் மேலே இருக்கிற மண் பிடிமானம் இழந்துவிடும். கூட்டை முன்பக்கமே வைக்கலாம், நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு: வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று இந்திய மலையூர் ஒன்றின் பெயரைச் சுமந்து திரிகிற நோய். வந்தால் இரண்டு மூன்று நாளில் லயமே காலி. இந்த வீடு, அந்த வீடு என்று பார்க்காது. தடுப்பு மருந்து இருக்கிறது, கண்ணில் சொட்டு விட்டாலோ குடிநீரில் கலந்தாலோ போதும். சிக்கல் குப்பியில். ஒரு குப்பி குறைந்தது நூறு கோழிக்கு என்று வருகிறது. குளிரில் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கிறவள் அதை வாங்கி என்ன செய்வாள்? இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழி. கோயில் திருவிழாவுக்கு வரி பிரிக்கத் தெரிந்த லயம் இதற்கும் பிரிக்கலாம். ஐஸ் போட்ட ஒரு வாளி, கோழிகள் கூட்டில் அடைந்திருக்கும் ஒரு விடியற்காலை. அவ்வளவுதான் தேவை. அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்டால் அட்டவணை சொல்வார்கள்.

இறைச்சியைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. லயத்தில் சேவல் சும்மா அறுபடுவதில்லை. தீபாவளிக்கு ஒன்று, முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது ஒன்று, பிள்ளை பெற்றவளின் சாற்றுக்கு ஒன்று. வாரக் கறிக்குக் கடையில் வெள்ளைக்கோழி இருக்கிறது. ஐந்தாறு வாரத்தில் வளர்ந்து வருகிற அதோடு நாட்டுச் சேவல் விலையில் போட்டி போட முடியாது.

முட்டைக் கணக்கும் இப்படித்தான். அடுத்த காம்பரா வீட்டில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும். அதற்குக் கடை முட்டை ஆகாது என்று கிழவிகள் ஒற்றைக்காலில் நிற்பார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டாக முட்டை அங்கே போகும். அந்த வாரம் கோழி வெறும் வைக்கோலில் உட்கார்ந்திருக்கும்.