ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கவேண்டும்

சோறு ஆக்கி முடியும்வரை பொறுத்திருந்தவனுக்கு, அது ஆறும்வரை பொறுத்திருப்பதுதான் கடினமாக இருக்கிறது. நம் முன்னோர் அடுக்களையிலே கண்ட இவ்வுண்மை விண்வெளி யுகத்திலும் பொய்க்கவில்லை. ஆண்டுக்கணக்காக உழைத்து ஒரு ரொக்கெட்டை உருவாக்குகிறார்கள். அத்தனை ஆண்டுகளும் அதனைப்பற்றி நினையாதிருந்த ஜனங்கள், அது புறப்படும் தினம் வந்ததும் ஒரு மணித்தியாலத் தாமதத்தையும் பொறுக்கமாட்டாது தவிக்கிறார்கள். இத்தவிப்பு இயற்கையானதே. ஆயினும், அதற்கு நாம் எவ்வளவு இடங்கொடுக்கலாம் என்பது சிந்திக்கவேண்டிய விஷயமாகும்.

சந்திரனுக்குப் புறப்படாத இரவு

2019ஆம் ஆண்டு யூலை மாதம் 14ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை. லண்டன் லோர்ட்ஸ் மைதானத்தில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து, பின்னர் ஆடிய மேலதிக ஓவரும் சமநிலையில் முடிந்து, ஒருவாறு இங்கிலாந்து வென்றதென அறிவிக்கப்பட்டபோது எமது நாட்டிலும் இந்தியாவிலும் ஏறக்குறைய நள்ளிரவாகிவிட்டது. ஆட்டம் முடிந்தும் பலர் உறங்கச் செல்லவில்லை. அதிகாலை 2 மணி 51 நிமிடத்துக்கு இந்தியாவின் சந்திரயான்-2 சந்திரனை நோக்கிப் புறப்படவிருந்தது.

பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவில் 640 தொன் நிறையுள்ள ரொக்கெட் மின்னொளியில் நின்றது. பொதுமக்களுக்கென அமைக்கப்பட்டிருந்த பார்வைக் கூடத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். இந்திய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தும் அங்கு வந்திருந்தார். புறப்பட 56 நிமிடமும் 24 விநாடியும் இருக்கையில், பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்த கடிகாரம் திடீரென நின்றது. காரணம் யாதெனச் சிறிது நேரம்வரை ஒருவருக்கும் விளங்கவில்லை. பின்னர், ரொக்கெட்டில் தொழில்நுட்பக் கோளாறொன்று காணப்பட்டமையால், முன்னெச்சரிக்கையாகப் பயணம் நிறுத்தப்பட்டது என்ற அறிவித்தல் வந்தது.

அறிவித்தலைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே விதமாக எண்ணவில்லை. கண்விழித்துக் காத்திருந்த சிறுவர்களுக்குப் பெரும் ஏமாற்றம். 978 கோடி இந்திய ரூபா செலவிட்ட பின்னரும் இப்படியா என்று முணுமுணுத்தவர்கள் சிலர். ஆனால், “போனபின் கெடுவதிலும் போகாமல் நிற்பதே மேல்” என்று விஞ்ஞானிகளுக்கு ஆறுதல் கூறியவர்கள் மிகப் பலர். ஜனாதிபதியே நேரில் வந்திருக்கிறார், நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக, நிற்கவேண்டிய கடிகாரத்தை ஓடவிடவில்லையே என்று அவர்கள் மெச்சினர்.

ஏன் நிறுத்தவேண்டும்?

நின்ற மோட்டார் வண்டியைத் தள்ளிவிட்டு ஓட்டுவதுபோல ரொக்கெட்டை ஓட்ட முடியாது. அந்த ரொக்கெட்டின் மேற்பகுதியில் திரவ ஒட்சிசனும் திரவ ஐதரசனும் நிரப்பப்படுகின்றன. முன்னது பூச்சியத்துக்குக் கீழ் 183 பாகை செல்சியசிலும் பின்னது 253 பாகையிலும் இருக்கவேண்டியவை. அக்குளிரில் உலோகம் சுருங்கும், மூட்டுக்கள் இறுகும், சாதாரண வேளையில் தென்படாத சிறு கசிவும் அப்போதுதான் வெளிப்படும். ஆகவே, சில குறைகள் எரிபொருளை நிரப்பிய பின்னரே தெரியவருகின்றன. கடைசி நேரத்திற்றானா கண்டுபிடிப்பது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. பழுதைத் திருத்துவதற்கு முன் நிரப்பியவற்றை எல்லாம் வெளியேற்றவேண்டும். திருத்திய பின்னரும் நினைத்த வேளையிற் புறப்பட இயலாது. பூமியும் சந்திரனும் உரிய நிலைக்கு வரும் நேரம் பார்க்கவேண்டும்.

அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் நாகர்கோவிலை அடுத்த சிற்றூரில் விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்த கே. சிவன். அவரும் அவருடைய குழுவினரும் ஒரு வாரத்தில் குறையைத் தீர்த்தனர். யூலை 22ஆந் திகதி பிற்பகல் 2 மணி 43 நிமிடத்துக்கு ரொக்கெட் பழுதின்றி எழுந்தது.

இவ்வகைப் பொறுமை அந்நிறுவனத்துக்குப் புதிதன்று. 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19ஆந் திகதி, வேறொரு ரொக்கெட் புறப்பட ஒரு மணி 14 நிமிடம் இருக்கையில் எரிபொருட் கசிவு காணப்பட்டு நிறுத்தப்பட்டது. 2014 ஜனவரி 5ஆந் திகதி அது வெற்றியுடன் பறந்தது.

பரிகாசமும் ஒரு பாரமே

தாமதத்தைக் கண்டு உலகம் எப்போதும் இவ்வளவு பெருந்தன்மையுடன் நடந்துகொண்டதில்லை. 1962ஆம் ஆண்டு பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரான ஜோன் கிளென், ஜனவரி 27ஆந் திகதி ஐந்து மணித்தியாலத்துக்கு மேலாகக் கலத்தினுள் படுத்திருந்து, மேகமூட்டம் காரணமாக இறங்கிவரவேண்டியதாயிற்று. அவர் வீட்டு வாசலிலோ பத்திரிகைக்காரர் கூட்டம். உப ஜனாதிபதி ஜோன்சன் தொலைக்காட்சிக்காரருடன் வீட்டுக்கு வந்து ஆறுதல் கூற விரும்பினார். திக்குவாய் உடையவரான கிளெனின் மனைவி ஆனி அதற்கு இணங்கவில்லை. மேலதிகாரிகள் வற்புறுத்தியும், கிளென் மனைவியின் பக்கமே நின்றார். பல ஒத்திவைப்புக்களின் பின் பெப்ரவரி 20ஆந் திகதிதான் அவருடைய பயணம் நிறைவேறியது. காத்திருப்பின் சுமை விண்வெளி வீரரின் குடும்பத்தையும் எவ்வாறு அழுத்துகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்ததோ நெஞ்சை உருக்குவது. 1986ஆம் ஆண்டு ஜனவரியில் சலஞ்சர் விண்வெளி ஓடம் எழுவரை ஏற்றிச் செல்லவிருந்தது. அவர்களுள் ஒருவர் கிறிஸ்டா மக்கோலிஃப் என்னும் ஆசிரியை. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பதாரருள் தெரிந்தெடுக்கப்பட்ட அவர், விண்வெளியிலிருந்து மாணவருக்குப் பாடம் நடத்தவிருந்தார். அதற்கு முன் சென்ற கொலம்பியா ஓடம் பலமுறை தாமதித்ததைத் தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் ஏளனம் செய்து ஓய்ந்திருக்கவில்லை. சலஞ்சரின் பயணமும் 22ஆந் திகதியிலிருந்து தள்ளித் தள்ளிப் போயிற்று. 27ஆந் திகதி கதவின் கைபிடியிலிருந்த ஓர் ஆணி கழலாது போகவே, அதனை அறுத்து நீக்கினர். அதற்குள் காற்று வலுத்துவிட்டது. பயணம் மீண்டும் நின்றது. ஓர் ஆணியைக் கழற்றத் தெரியாதவர்களா விண்வெளிக்குப் போகிறார்கள் என்று சிரிப்பதற்கு இதனிலும் வாய்ப்பான சம்பவம் கிடையாது.

அன்றிரவு கடுங்குளிர். ரொக்கெட்டின் மூட்டுக்களை அடைக்கும் இறப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும், ஆதலால் 53 பாகை பரனைற்றுக்குக் குறைவான வெப்பநிலையில் ஏவவேண்டாம் என்று, அதனைத் தயாரித்த கம்பனியின் பொறியியலாளர்கள் தொலைபேசியில் மன்றாடினார்கள். ரோஜர் பொயிஸ்ஜொலி அவர்களுள் ஒருவர். முதலில் அவர்கள் சொல்லை ஏற்ற கம்பனி முகாமையாளர்கள், பின்னர் மனம் மாறிச் சம்மதம் அளித்தனர். மறுநாட் காலை 36 பாகைக் குளிரில் சலஞ்சர் எழுந்தது. 73ஆவது விநாடியில் வானிற் சிதறியது. எழுவரும் மாண்டனர். தம் ஆசிரியையைக் காண வகுப்பறைகளில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் அக்கோரத்தைக் கண்ணாரக் கண்டார்கள்.

பரிகாசமே இவ்விபத்துக்குக் காரணம் என்று நாம் கூறவில்லை, அது நியாயமுமாகாது. பழுதான மூட்டும், பிழையான தீர்மானமுமே காரணம் என விசாரணைக் குழு கண்டது. ஆண்டுக்கு இத்தனை பயணம் என்று வகுத்த கால அட்டவணையின் நெருக்கடியையும் அக்குழு சுட்டிக்காட்டியது. ஆயினும், “இன்னுமா புறப்படவில்லை?” என்று ஊர் கேட்கும் கேள்வி, “வேண்டாம்” என்று சொல்லவேண்டியவரின் நாவைக் கட்டக்கூடும் என்பதை மறுக்க முடியுமா? சில நாட்கள் பொறுத்திருந்தால் குளிர் நீங்கியிருக்கும். பொறாமையினால் அடுத்த ஓடம் எழுவதற்கு 1988 செப்டெம்பர்வரை, அதாவது இரண்டு ஆண்டும் எட்டு மாதமும் காத்திருக்க நேர்ந்தது. சென்ற உயிர்களோ மீளவில்லை.

நாம் செய்யத்தக்கது

பொறுத்தவர்களுக்கு எப்போதும் வெற்றிதான் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. சந்திரயான்-2 கொண்டுசென்ற விக்ரம் என்னும் இறங்கு கலம் 2019 செப்டெம்பர் 7ஆந் திகதி சந்திரனில் மோதி அழிந்தது. ஆனால் ரொக்கெட் தன் கடமையிற் பிழைக்கவில்லை. அது அனுப்பிய சுற்றுக்கலம் தொடர்ந்து சந்திரனைச் சுற்றிவந்து, 2023இல் சந்திரயான்-3 சென்றபோது அதனுடன் தொடர்புகொண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 23ஆந் திகதி சந்திரயான்-3 பத்திரமாகத் தரையிறங்கியது. அத்திட்டத்தின் பணிப்பாளர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்பதைத் தமிழ் மாணவர் மறவார்.

மாணவ மாணவியரே! இனி ஒரு ரொக்கெட்டின் பயணம் ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தியைக் கேட்கும்போது, சலிப்புடன் எழுந்து போய்விடாதீர்கள். அவ்வேளையில் எங்கோ ஒரு மேசையில், ஒருவர் ஓர் எண் பிழைத்திருப்பதைக் கண்டிருக்கிறார், கண்டதைச் சொல்லியிருக்கிறார், பெரியவர்கள் அவர் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள். அடுப்பை இறக்கியவளுக்கே சூடு தெரியும். இலைமுன் அமர்ந்திருக்கும் நாம் அவளை அவசரப்படுத்தாதிருப்பதே அழகு.