நன்றியும் நம்பிக்கையும்: கிராம்சியின் சிறைக் கடிதங்கள் குறித்து ஒரு நோக்கு

நெருக்கடி மிக்க காலங்களில் மனிதன் நிலைகுலையாதிருக்க நன்றியுணர்வும் நம்பிக்கையும் துணைபுரியும் என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் அறிவுரையாகும். முற்போக்காளர் இதனை ஐயத்துடனேயே நோக்குவர். அவ்வையம் காரணமற்றதன்று. நமது மரபில் நன்றி பெரிதும் கடன் என்னும் கருத்தோடு பிணைந்தே வந்துள்ளது. செஞ்சோற்றுக்கடனையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் கர்ணனையும் நினைவுகூர்ந்தாற் போதும்: உண்ட சோறு, போரின் நியாயத்தை வினவும் உரிமையைப் பறித்துவிடுகின்றது. ஆண்டைகளுக்கு இதனினும் வாய்ப்பான அறம் வேறில்லை. ஆயினும் நன்றியுணர்வு முழுவதும் இதனுள் அடங்கிவிடுமா? இத்தாலிய மார்க்சியரான அந்தோனியோ கிராம்சியின் சிறைக் கடிதங்கள் இவ்வினாவுக்கு வேறொரு விடை தருவன.

பாராளுமன்ற உறுப்பினராயிருந்த கிராம்சி 1926 நவம்பர் 8ஆம் நாள் உரோமில் கைதானார். 1928 யூனில் அவருக்கு 20 ஆண்டு, 4 மாதம், 5 நாட் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மனைவி நோயுற்று மொஸ்கோவில் இருந்தார்; அவரிடமிருந்து கடிதம் வருதல் அரிது. இளைய மகனைக் கிராம்சி ஒருபோதும் கண்டதில்லை. இந்நிலையில் அவரைத் தாங்கியோர் இருவர். மனைவியின் தமக்கை தத்தியானா உடையும் மருந்தும் அனுப்பிக் கடிதத் தொடர்பையும் பேணினார். பொருளியலாளர் பியரோ ஸ்ராபா மிலான் நகரப் புத்தகசாலையொன்றிற் கிராம்சிக்கெனக் கணக்குத் திறந்து, வேண்டிய நூல்கள் கிடைக்கச் செய்தார்.

தத்தியானாவுக்கு எழுதிய கடிதங்களில் நன்றியும் உண்டு, சினமும் உண்டு. கேளாத பொருள்களை அனுப்பியமைக்காக அவரைக் கடுமையாகக் கடிந்துகொண்ட இடங்கள் பல. இது நன்றி மறத்தலன்று. ஆண்டையிடம் சோறு பெற்றவன் அவனோடு பிணங்க முடியாது. தோழமையிற் பிறந்த நன்றியே பிணக்கைத் தாங்கும். அதே கிராம்சி முசோலினியிடம் கருணை மனுச் செய்ய மறுத்தார் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. எவருக்கு நன்றியுடையராய் இருப்பது என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

நம்பிக்கையும் அவரிடத்து அன்றாடப் பயிற்சியாகவே விளங்கிற்று. உஸ்திக்காத் தீவில் வைக்கப்பட்டிருந்த சில வாரங்களுள், கட்சிக்குள் தம்மோடு முரண்பட்ட போர்டிகாவுடன் சேர்ந்து கைதிகளுக்கான பாடசாலையை அமைத்தார். வரலாறும் புவியியலும் கற்பித்தார், தாம் ஜெர்மன் கற்றார். தூரிச் சிறையில் 1929இல் ரோசாச்செடியொன்றை வளர்த்தார், விதைகளும் இட்டார். முளைகள் விரைந்து வளர அவற்றைச் சற்று இழுத்துவிட நாள்தோறும் மனம் உந்துவதாக அவ்வாண்டுக் கடிதமொன்றில் நகைச்சுவையுடன் எழுதுகின்றார். வளர்ச்சியை அதன் போக்கில் விடுவதா, மனித முயற்சியால் உந்துவதா என்ற வினா அவருடைய அரசியற் சிந்தனையின் மையத்திலும் உள்ளதன்றோ!

இவற்றை மிகைப்படுத்தலுந் தகாது. நன்றியும் நம்பிக்கையும் அவர் நோயைத் தீர்க்கவில்லை. 1933 மார்ச்சில் உடல்நிலை முற்றாகச் சரிந்தது. மனஞ்சோர்ந்து எழுதிய கடிதங்களும் உள. எனினும் 1929 பெப்ரவரியில் தொடங்கிய குறிப்பேட்டுப் பணி 1935 வரை நீடித்தது. 1937 ஏப்ரல் 27இல் அவர் இறந்தபின் அக்குறிப்பேடுகளைக் காத்து மொஸ்கோவுக்குச் சேர்ப்பித்தவர் தத்தியானாவே. கடிதங்கள் 1947இல் நூலாகி வியாரெஜ்ஜோப் பரிசு பெற்றன. அந்நூலைக் காணத் தத்தியானா இல்லை. 1943இலேயே அவர் சோவியத் நாட்டில் இறந்திருந்தார்.