டாக்டரிடம் மறைக்கப்படும் மாத்திரைக் கணக்கு: பதற்ற மருந்தைக் கூடுதலாக எடுப்போர் உண்மையைச் சொல்ல வேண்டியது ஏன்?

புனே: மனப் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சொன்ன அளவைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் பலர், அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது அதைச் சொல்வதில்லை. “நீங்கள் சொன்னபடிதான் போடுகிறேன் டாக்டர்” என்று முடித்துக்கொள்கின்றனர். வெட்கமும், மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்ற அச்சமுமே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆனால், மருத்துவர் அடுத்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணிக்கையையே அடிப்படையாகக் கொண்டது. எண்ணிக்கை தவறானால், சரியான சிகிச்சை முறையும் நோயாளிக்கு ஆபத்தாக முடியலாம்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வின் அறிக்கை 2019-ல் வெளியானது. மருத்துவக் காரணமின்றியோ மருத்துவரின் சீட்டுக்கு அப்பாற்பட்டோ மயக்க, தூக்க மருந்துகளைப் பயன்படுத்துவோர் 10 முதல் 75 வயது வரையிலான இந்தியர்களில் 1.08 சதவீதம், அதாவது சுமார் 1.18 கோடி பேர் என அது மதிப்பிட்டது. இத்தகையோர் அதிக எண்ணிக்கையில் வாழும் முதல் 5 மாநிலங்களில் மகாராஷ்டிராவும் ஒன்று.

*மாத்திரை செயல்படும் விதம்*

அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், டயசெபாம் ஆகியவை பென்சோடயசெபைன் என்ற ஒரே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்தின் முதல் மருந்து 1960-ல் விற்பனைக்கு வந்தது. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை இவை பலப்படுத்துகின்றன. அதனால்தான் மாத்திரை போட்ட சிறிது நேரத்திலேயே படபடப்பு அடங்குகிறது.

தொடர்ந்து எடுக்கும்போது மூளை அதற்குப் பழகிவிடுகிறது. முன்பு ஒரு மாத்திரையில் கிடைத்த நிம்மதிக்கு இப்போது இரண்டு தேவைப்படுகிறது. ஒரு வேளை தவறினால் பழைய பதற்றம் முன்பைவிடக் கூடுதலாகத் திரும்புகிறது. இதை நோய் முற்றிவிட்டதாகக் கருதி நோயாளி மேலும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். இப்படித்தான் பெரும்பாலோர் அளவைத் தாண்டுகின்றனர். போதை தேடித்தான் அங்கு வந்து சேர வேண்டும் என்பதில்லை.

சொன்ன அளவிலேயே எடுத்தாலும், தொடர்ச்சியாகச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை எடுத்தவருக்கு உடல் சார்பு ஏற்படலாம் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 செப்டம்பரில் எச்சரித்தது. இந்த மருந்துகளின் உறைகளில் இடம்பெறும் மிகக் கடுமையான எச்சரிக்கையிலும் இதைச் சேர்க்க உத்தரவிட்டது. எனவே, கூடுதலாக எடுப்பவர் தன்னை ஒழுக்கம் கெட்டவராக எண்ணி ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. இது அந்த மருந்தின் அறியப்பட்ட இயல்பு.

*10 சதவீதம் 70 சதவீதமாகும் கணக்கு*

உண்மையை மறைப்பதன் ஆபத்தை ஒரு எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவருக்கு அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று என எழுதித் தரப்பட்டுள்ளதாகக் கொள்வோம். மருத்துவரின் பதிவேட்டில் அவரது அன்றாட அளவு 1 மில்லிகிராம். உண்மையில் அவர் 6 மாத்திரை, அதாவது 3 மில்லிகிராம் எடுக்கிறார்.

மருந்தை மெதுவாகக் குறைக்கலாம் என முடிவு செய்யும் மருத்துவர், 10 சதவீதம் குறைத்து 0.9 மில்லிகிராம் எடுக்கச் சொல்கிறார். நோயாளியும் இம்முறை மனம் திருந்தி அதை அப்படியே பின்பற்றுகிறார். மருத்துவரின் கணக்கில் அது 10 சதவீதக் குறைப்பு. நோயாளியின் உடலுக்கோ ஒரே நாளில் 70 சதவீதக் குறைப்பு.

இவ்வளவு திடீரென அளவு குறையும்போது கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, கடும் பதற்றம் ஆகியவை தோன்றலாம். தீவிரமான நிலையில் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்க மருத்துவ அமைப்புகள் இணைந்து 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி, தொடக்கத்தில் 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் வரை குறைப்பதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. பொதுவாக 2 வாரங்களில் 25 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது என்றும் கூறுகிறது. எந்த அளவிலிருந்து குறைக்கத் தொடங்குவது என்பதை நோயாளியின் வாய்மொழியே தீர்மானிக்கிறது.

மில்லிகிராம் எண்ணும் ஏமாற்றக்கூடியது. அல்பிரசோலம் அல்லது குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ டயசெபாம் 10 மில்லிகிராமுக்குச் சமமாகக் கருதப்படுகிறது. ‘அரை மில்லிகிராம்தானே’ என்று நோயாளி சொல்லாமல் விடும் அளவு, மருத்துவரின் பார்வையில் சிறியது அல்ல.

*வேறு நோய்க்குச் சென்றாலும் சொல்ல வேண்டும்*

மனநல மருத்துவரிடம் மட்டும் சொன்னால் போதாது. டெங்கு காய்ச்சலுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ மருத்துவமனையில் சேர்பவருக்கு அங்கு இந்த மாத்திரை கிடைக்காது. அல்பிரசோலம் போன்ற மருந்துகள் உடலிலிருந்து விரைவில் வெளியேறுவதால் ஓரிரு நாள்களிலேயே விலகல் அறிகுறிகள் தொடங்கலாம். நெடுநேரம் தங்கும் டயசெபாம் போன்றவற்றில் அவை பல நாள்கள் கழித்தும் வரலாம். அப்போது ஏற்படும் நடுக்கத்துக்கும் குழப்பத்துக்கும் காரணம் தெரியாமல் மருத்துவர்கள் வேறு நோயைத் தேட நேரிடும்.

மது, டிராமடால் போன்ற வலிநிவாரணிகள், கோடீன் கலந்த இருமல் மருந்து ஆகியவற்றுடன் இந்த மாத்திரை சேரும்போது சுவாசம் ஆபத்தான அளவுக்குத் தளரலாம். முதியோர் தடுமாறி விழுவதற்கும், இருசக்கர வாகன ஓட்டிகள் விபத்தில் சிக்குவதற்கும் கூடுதல் அளவு காரணமாகலாம். இவற்றையும் மறைக்காமல் கூறுவது அவசியம்.

*ரசீதுடன் வந்த மருந்து*

போதைச் சிகிச்சையில் புனேவுக்கு நீண்ட வரலாறு உண்டு. எழுத்தாளரும் மருத்துவம் படித்தவருமான அனில் அவசட், ‘பிரவுன் சுகர்’ போதைக்கு அடிமையானோரைப் பற்றி எழுதினார். அவரது மனைவி டாக்டர் அனிதா அவசட், எரவாடா மனநல மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பணியாற்றியவர். மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே, சுனிதா தேஷ்பாண்டே தம்பதியின் ஆதரவுடன் இவர்கள் 1986-ல் ‘முக்தாங்கண்’ மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினர்.

ஆனால், பதற்ற மாத்திரையைக் கூடுதலாக எடுப்பவர் இத்தகைய இடத்துடன் தன்னை இணைத்துப் பார்ப்பதில்லை. அவரது மருந்து, மருத்துவரின் சீட்டுடனும் மருந்துக்கடை ரசீதுடனும் வந்தது. அலுவலகம் செல்கிறார், குடும்பத்தை நடத்துகிறார். இந்தச் சட்டபூர்வத் தோற்றமே பிரச்சினையை அவரிடமிருந்தும் வீட்டாரிடமிருந்தும் மறைத்துவிடுகிறது. சீட்டு தீர்ந்ததும் இரண்டாவது மருத்துவரை நாடுவது, பழைய சீட்டைக் காட்டி வேறு கடையில் வாங்குவது ஆகியவை அடுத்த கட்டம்.

அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் 1 முதல் ‘எச்1’ அட்டவணையின்கீழ் உள்ளன. மருத்துவர், நோயாளி ஆகியோரின் பெயரையும், மருந்தையும் அதன் அளவையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இருப்பினும், பல கடைகளில் வாங்கியதன் மொத்தக் கணக்கு நோயாளியிடம் மட்டுமே இருக்கும்.

*ரகசியம் காக்கப்படுமா?*

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 23-வது பிரிவு, சிகிச்சை விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும் உரிமையை வழங்குகிறது. மது, போதைப் பொருள் பயன்பாட்டுடன் தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. நோயாளியே நியமித்த பிரதிநிதி, சிகிச்சை தரும் பிற மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்தான நிலை, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகள் உண்டு. வீட்டார் உடன் வந்திருந்தால், மருத்துவரிடம் சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

*எப்படிச் சொல்வது?*

சந்திப்பின் இறுதியில், எழுந்து செல்லும்போது சொல்வதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. “டாக்டர், நீங்கள் எழுதியதைவிடக் கூடுதலாக எடுக்கிறேன். நிறுத்தப் பயமாக இருக்கிறது” என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். நேரில் சொல்லத் தயங்குவோர் தாளில் எழுதிக் கொடுக்கலாம்.

மாத்திரையின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளில் எடுத்த மிக அதிக அளவு, கடைசியாக எடுத்த நேரம், எத்தனை மாதங்களாக எடுக்கிறார் என்பவை முதலில் தேவை. வேறு மருத்துவர்களிடம் பெற்ற சீட்டுகள், மதுப் பழக்கம், முன்பு வந்த வலிப்பு, கர்ப்பம் ஆகிய விவரங்களையும் சேர்க்க வேண்டும். காலி மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

உண்மை தெரிந்ததும் மருத்துவர் உடனே மருந்தை நிறுத்திவிடுவார் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உடல் சார்பு ஏற்பட்டவருக்குத் திடீரென நிறுத்துவது தவறு என்பதே மருத்துவ நடைமுறை. உண்மையான அளவிலிருந்து படிப்படியாகக் குறைப்பது, தேவைப்பட்டால் நெடுநேரம் செயல்படும் மருந்துக்கு மாற்றுவது, பதற்றத்துக்கு உளவியல் சிகிச்சையோ வேறு மருந்தோ தருவது ஆகியவை மருத்துவரின் கைவசம் உள்ள வழிகள். வலிப்பு அபாயம் அதிகமுள்ளவர்களை மருத்துவமனையில் சேர்த்துக் குறைப்பதும் உண்டு. ஒரு மருத்துவர் செவிசாய்க்காமல் கடிந்துகொண்டால், முழு விவரங்களுடன் மற்றொரு மனநல மருத்துவரை அணுகலாம். அதுவரை தாமாக நிறுத்தக் கூடாது.

புனேயில் வசிக்கும் தமிழர்களுக்கு, இத்தகைய விஷயத்தை மராத்தியிலோ இந்தியிலோ விளக்குவது கூடுதல் சுமையாக இருக்கலாம். மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416 தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இலவசமாகச் செயல்படுகிறது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற தேசிய எண்ணை அழைக்கலாம். வலிப்பு, மனக்குழப்பம், எழுப்ப முடியாத உறக்கம், மூச்சுத் தளர்ச்சி ஆகியவை தென்பட்டால் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து, எடுத்த மாத்திரைகளின் விவரத்தையும் தெரிவிக்க வேண்டும்.