அரை விநாடியின் விலை

லண்டன் தெருவில் நிற்கும் காவலரின் மார்புப் பட்டையில் ஒரு கருவி தொங்கும். இருபது வருஷத்துக்கு முந்தைய செல்போன் போலத் தெரியும்: பருத்த உடம்பு, குட்டை ஆன்டெனா, தீப்பெட்டி அளவுத் திரை. அவர் பாக்கெட்டில் இருக்கும் சொந்த போன் இதைவிடப் பல மடங்கு கெட்டிக்காரச் சாதனம். ஆனாலும் ஆபத்து என்றால் அவர் கை போவது இந்தப் பழசிடம்தான்.

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்துகிறார். 'பிப்' என்று ஓர் ஒலி கேட்கிறது. இனி பேசலாம் என்பது அதன் பொருள். அழுத்தியதற்கும் ஒலி வந்ததற்கும் இடையே அரை விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குள் நடந்தது கொஞ்சநஞ்சமல்ல. கருவி அருகிலுள்ள கோபுரத்திடம் பேச இடம் கேட்டது. கோபுரம் மையச் சுவிட்சுக்குச் சொன்னது. இவர் எந்தப் பேச்சுக் குழுவில் இருக்கிறார், அந்தக் குழுவின் மற்ற ஆட்கள் எந்தெந்தக் கோபுரங்களின் கீழ் நிற்கிறார்கள் என்று அது பார்த்தது. அத்தனை கோபுரங்களிலும் தடம் ஒதுக்கி, அத்தனை பேர் கருவிகளையும் அந்தத் தடத்துக்குத் திருப்பியது. மறுமுனையில் மணி அடிக்கவில்லை, யாரும் எடுத்து 'ஹலோ' சொல்லவில்லை. இவர் வாயைத் திறந்ததும் எல்லோர் காதிலும் குரல் விழுகிறது.

இந்தப் பிணையத்தின் பெயர் ஏர்வேவ். 2000ஆம் ஆண்டில் ஒப்பந்தமாகி, 2005க்குள் பிரிட்டனின் காவல்துறைகள் எல்லாம் இதற்கு மாறின. ஆம்புலன்ஸும் தீயணைப்பும் பின்னால் வந்து சேர்ந்தன. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலுமாக 107 அவசரச் சேவை அமைப்புகள், சுமார் 3 லட்சம் பேர் இதை நம்பியிருக்கிறார்கள். இதை மூடிவிட்டு 4ஜி செல்போன் பிணையத்துக்குப் போய்விடலாம் என்று அந்நாட்டு உள்துறை முடிவெடுத்து, 2015 டிசம்பரில் ஒப்பந்தங்களும் போட்டது. 2019 இறுதிக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஏர்வேவ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தாமதத்துக்கு அரசாங்க மெத்தனம் என்று ஒரு வார்த்தையில் காரணம் சொல்லிவிடலாம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதிதான் சுவாரஸ்யம். செல்போன் தன் வாழ்நாளில் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லாமல் போன சில வித்தைகளை இந்தப் பழைய வானொலி பிறந்த நாளிலிருந்தே செய்துவருகிறது.

ஏர்வேவ் பயன்படுத்தும் தொழில்நுட்பத்துக்கு டெட்ரா என்று பெயர். 1990களில் ஐரோப்பாவில் உருவானது. அதற்கு முந்தைய அனலாக் வயர்லெஸ்ஸில் ஒருவர் பேசினால் அலைவரிசை முழுவதும் அவருடையது. டெட்ரா ஒரே அலைவரிசையை நான்கு பேச்சுகளுக்குப் பங்கு போடுகிறது. ஒவ்வொரு பேச்சுக்கும் ஏறத்தாழ 14 மில்லி விநாடி நீளத்தில் ஒரு துண்டு நேரம். நான்கு துண்டுகள் சேர்ந்தால் ஒரு சுற்று. உடனே அடுத்த சுற்று. அதாவது காவலர் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருந்தாலும் அவர் கருவி முக்கால்வாசி நேரம் வானில் எதையும் அனுப்புவதில்லை. குரலைச் சுருக்கிச் சுருக்கித் தன் முறை வரும்போது மட்டும் வீசுகிறது.

எவ்வளவு சுருக்குகிறது என்று பார்த்தால்தான் வியப்பு. சாதாரண டிஜிட்டல் தொலைபேசி 30 மில்லி விநாடிப் பேச்சை எழுத 1,920 பிட்கள் எடுத்துக்கொள்ளும். டெட்ரா அதையே 137 பிட்களில் முடிக்கிறது. பதினான்கில் ஒரு பங்கு! ஒலியை அப்படியே அனுப்பினால் இது நடக்காது. கருவிக்குள் இருக்கும் நிரல், மனிதத் தொண்டை எப்படி வேலை செய்கிறது என்பதன் கணித மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. குரல்வளை எந்த வேகத்தில் அதிர்கிறது, வாயும் நாக்கும் அந்த அதிர்வை எப்படி வடிகட்டுகின்றன என்று அளந்து, அந்த அளவுகளை மட்டும் அனுப்புகிறது. பாட்டை அனுப்பாமல் ஸ்வரக் குறிப்பை அனுப்பி, மறுமுனையில் இருப்பவரைப் பாடச் சொல்வது போல. நாம் கேட்பது காவலரின் குரலே அல்ல. அவரைப் போலவே பேசும் ஒரு கணக்கு.

இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு விலை உண்டு. அதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் அமெரிக்கத் தீயணைப்பு வீரர்கள். அங்கே பயன்படும் டிஜிட்டல் வானொலியின் தரமான பி25 வேறு வகை, ஆனால் குரலைச் சுருக்கும் தத்துவம் இதேதான். தீப்பிடித்த கட்டடத்தில் கூரையை வெட்டும் ரம்பம் அலறும். அசையாமல் விழுந்து கிடக்கும் வீரரின் உடலில் கட்டிய அபாய ஒலிப்பான் வீறிடும். பழைய அனலாக் வயர்லெஸ் ரம்பத்தையும் குரலையும் சேர்த்தே அனுப்பும். மனிதக் காது குரலைப் பிரித்தெடுத்துக்கொள்ளும். டிஜிட்டல் கருவிக்குத் தொண்டையைத் தவிர வேறெதுவும் தெரியாது. ரம்பச் சத்தத்தையும் ஏதோ ஒரு தொண்டையிலிருந்து வந்ததாகவே எண்ணிக் கணக்குப் போட்டு, குரலையும் சேர்த்துக் குழப்பிவிடும். 2008இல் அமெரிக்க அரசு ஆய்வகம் ஒன்று இதே சத்தங்களை வைத்துச் சோதித்து, இந்தப் புகாரில் உண்மை உண்டு என்று காட்டியது. இன்றும் அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகள் தீக்குள் நுழையும்போது அனலாக்குக்கே மாற்றி வைத்துக்கொள்வது பிற்போக்குத்தனம் அல்ல.

இன்னொன்றும் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். 'விளிம்புக்கு வந்துவிட்டாய், திரும்பு' என்று காது எச்சரித்துவிடும். டிஜிட்டலில் கடைசி அடி வரை குரல் தெளிவாக இருந்து, அடுத்த அடியில் ஒன்றுமே இருக்காது.

சிக்னல் எட்டாத இடங்களில் என்ன நடக்கும் என்பதை லண்டன் இரண்டு முறை கண்டது. 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத் தீயில் 31 பேர் இறந்தார்கள். சுரங்கத்துக்குள் மீட்புப் படைகளின் வானொலி வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த விபத்து பற்றிய ஃபென்னல் விசாரணை அறிக்கை அப்போதே வலியுறுத்தியது. 2005 ஜூலை 7 அன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் உயிரிழந்தபோதும் மீட்பாளர்கள் பலருடைய கருவிகள் நிலத்தடியில் மௌனம்தான். கீழே எத்தனை பேர் காயம் என்று சொல்ல ஆட்கள் படியேறி ஓடி வந்தார்கள். மேலே ஆம்புலன்ஸ் அதிகாரிகள் செல்போனை நம்பியிருந்தார்கள். நகரமே ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்ததில் பிணையம் திணறியது. ஆல்ட்கேட் நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஓ2 நிறுவனத்தின் பிணையத்தில் பொதுமக்கள் அழைப்புகளை நகரக் காவல்துறை சில மணி நேரம் முடக்கச் செய்ததும் அன்றுதான்.

பேரிடருக்கும் செல்போன் கோபுரத்துக்கும் உள்ள பகை இதுவே. எங்கே விபத்தோ அங்கேதான் கூட்டம். அத்தனை பேரும் அதே நேரத்தில்தான் போனை எடுப்பார்கள். இன்றைய 4ஜியில் இதற்கு மருந்து உண்டு: அவசரச் சேவைகளின் சிம்முக்கு முன்னுரிமை கொடுத்து, தேவைப்பட்டால் பொதுமக்களின் இணைப்பைத் துண்டித்து இடம் பிடிக்கலாம். கோபுரத்தையே பொதுமக்களுக்கு மூட வேண்டியதில்லை. காகிதத்தில் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் அரை விநாடி தீரவில்லை. செல்போன் சும்மா இருக்கும்போது பேட்டரியைக் காக்க அரைத்தூக்கத்தில் இருக்கும். எழுப்ப வேண்டும், கோபுரத்தோடு இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு செயலியின் சர்வருக்குத் தகவல் போய்வர வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு விநாடி தாமதம் யாருக்கும் உறைக்காது. 'சுடாதே' என்பதில் முதல் எழுத்து விழுங்கப்பட்டால் உறைக்கும். குழு அழைப்பு அதைவிடச் சிக்கல். ஒரே கோபுரத்தின் கீழ் 200 காவலர் நின்றாலும் டெட்ரா ஒரே தடத்தில் ஒரே முறை பேசும். 200 பேரும் கேட்பார்கள். 4ஜியின் இயல்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொட்டலம் அனுப்புவது: 200 காதுக்கு 200 பிரதி. இதைச் சரிசெய்ய ஒலிபரப்பு முறை ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தி, பொத்தானை அழுத்திப் பேச அனுமதி கிடைப்பதும் 300 மில்லி விநாடிக்குள், வாயிலிருந்து காதுக்குப் போவதும் 300 மில்லி விநாடிக்குள் என்று வரையறுத்த உலகத் தரம் 2016 மார்ச்சில்தான் இறுதியானது. பிரிட்டன் ஒப்பந்தம் போட்டது 2015 டிசம்பரில். இன்னும் எழுதி முடிக்காத இலக்கணத்தில் காவியம் பாட ஆள் வைத்துவிட்டார்கள்.

கோபுரமே இல்லாத இடத்தில் என்ன செய்வது? டெட்ரா கருவிகள் இரண்டு, நடுவில் எந்தப் பிணையமும் இல்லாமல் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளும். அடித்தளக் கிடங்கில் இறங்கும் தீயணைப்பு வீரருக்கு வெளியே நிற்கும் தோழரோடு பேச இது போதும். 4ஜியிலும் நேரடிப் பேச்சுக்குத் தரம் எழுதியிருக்கிறார்கள். அதைச் செய்யும் சில்லுகளைப் போன் தயாரிப்பாளர்கள் பெரிதாக ஆதரிக்கவில்லை. சந்தையில் கேட்பார் இல்லை. ஆதரித்திருந்தாலும் இயற்பியல் வழிவிடாது. சாதாரண செல்போனின் உச்ச வீச்சு 0.2 வாட், டெட்ரா கையடக்கக் கருவி ஒரு வாட், அதற்கு மேலும் வீசும். டெட்ரா இயங்குவது 400 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. 4ஜி பெரும்பாலும் 800க்கு மேல். அலை நீளம் குறையக் குறைய மலையையும் கட்டடத்தையும் சுற்றி வளைந்து போகும் சக்தியும் குறைகிறது.

அப்படியானால் பழசையே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. வானொலி மூப்படைவது கோபுரம் துருப்பிடிப்பதால் அல்ல. உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை மூடும். சுவிட்ச் மென்பொருள் எழுதியவர் ஓய்வுபெறுவார். கோபுரங்களை இணைக்கும் குத்தகைத் தடங்களைத் தொலைபேசி நிறுவனம் நிறுத்தப்போவதாகக் கடிதம் போடும். ரகசியக் குறியாக்கமும் கிழடாகும்: டெட்ராவின் குறியாக்க முறைகளில் ஒன்று, 80 பிட் சாவி என்று சொல்லிக்கொண்டு உள்ளே 32 பிட் வலிமையோடுதான் இயங்குகிறது என்பதை 2023இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள். பெரும்பாலான ஐரோப்பியக் காவல்துறைகளின் முறை அது அல்ல என்றாலும், முப்பது வருஷ ரகசியத்தை இனியும் நம்பலாமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. போதாக்குறைக்கு, டெட்ராவில் ஒரு புகைப்படம் அனுப்புவதே தவம். காணாமல்போன குழந்தையின் படத்தைக் காவலர் வேறொரு போனில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆக மாற்றத்தான் வேண்டும். மாற்றும் வரை ஒரு நிமிஷமும் அணைக்கக் கூடாது. 107 அமைப்புகளும் ஒரே இரவில் தாவ முடியாது. ஒரு மாவட்டம் புதியதிலும் பக்கத்து மாவட்டம் பழையதிலும் இருக்கும் மாதங்களில் இரண்டையும் பேசவைக்கும் இணைப்பு தேவை. அந்தக் காலம் முழுவதும் இரண்டுக்கும் வாடகை கட்ட வேண்டும்.

இங்கேதான் பிரிட்டன் தானே குழி தோண்டிக்கொண்டது. புதிய பிணையத்தின் மென்பொருள் ஒப்பந்தம் மோட்டோரோலா சொல்யூஷன்ஸுக்குப் போனது. அதே நிறுவனம் 2016இல் ஏர்வேவையும் வாங்கியது. புதியது தாமதமானால் பழையதில் வருமானம் நீடிக்கும். யாரையும் குற்றம் சொல்லாமலே இந்த ஏற்பாடு கோணலானது என்று எவருக்கும் தெரியும். உள்துறை மட்டும் நேரத்தில் தடுக்கவில்லை. மோட்டோரோலா 2022 இறுதியில் புதிய திட்டத்திலிருந்து விலகியது. ஏர்வேவ் கட்டணம் ஆண்டுக்கு சுமார் 20 கோடி பவுண்டு அதிகம் என்று கணித்த சந்தைப் போட்டி ஆணையம் 2023இல் விலை வரம்பு விதித்தது. அதற்கு முன்பே, 2019இல், திட்டத்தின் மொத்தச் செலவு 930 கோடி பவுண்டாக வீங்கியதைத் தேசியத் தணிக்கை அலுவலகம் எடுத்துக்காட்டியிருந்தது. முதல் மதிப்பீட்டைவிட 310 கோடி கூடுதல்.

மற்றவர்கள் வேறு வழி தேடினார்கள். 2014இல் சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தபின் தென்கொரியா 700 மெகாஹெர்ட்ஸில் தனி அலைக்கற்றை ஒதுக்கி, அவசரச் சேவைகளுக்கென்றே 4ஜி கட்டி 2021இல் முடித்தது. அமெரிக்கா, 343 தீயணைப்பு வீரர்களைப் பலிகொண்ட 2001 செப்டம்பர் 11இன் பாடத்திலிருந்து 2012இல் இதே நோக்கத்தோடு ஃபர்ஸ்ட்நெட் அமைப்பை உருவாக்கி, தனி அலைக்கற்றையோடு 2017இல் ஏடி&டியிடம் 25 ஆண்டுகளுக்கு ஒப்படைத்தது. அப்படியும் அங்கே வீரர்கள் பழைய வயர்லெஸ்ஸைக் கீழே வைக்கவில்லை. படமும் வரைபடமும் ஃபர்ஸ்ட்நெட்டில், உயிர்காக்கும் குரல் வயர்லெஸ்ஸில் என்று இரண்டையும் சுமக்கிறார்கள். எனக்கு இதுதான் நேர்மையான ஏற்பாடாகத் தோன்றுகிறது, இரட்டைச் செலவு என்றாலும்.

பிரிட்டனோ ஒரே பிணையம் போதும் என்ற பிடிவாதத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் மென்பொருள் பொறுப்பு ஐபிஎம்முக்குப் போனது. கோபுரப் பகுதியை முதலிலிருந்தே இஇ என்ற மொபைல் நிறுவனம் பார்க்கிறது. மொபைல் நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத மலைக்காடுகளில் உள்துறையே சுமார் 300 கோபுரங்களை நட்டுவருகிறது. காவல் ஹெலிகாப்டர்களுக்காக 10,000 அடி உயரம் வரை வானத்தை நோக்கித் தனி சிக்னல் ஏற்பாடு. லண்டன் சுரங்கங்களில் சுவரோரமாகத் துளையிட்ட கேபிள்கள், போகும் வழியெல்லாம் அலையைக் கசியவிட்டபடி. ஏர்வேவை அணைக்கும் நாள் இந்தப் பத்தாண்டின் இறுதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை புதிய கருவி தேர்வு எழுத வேண்டிய பாடங்களில் ஒன்று, பழைய கருவியின் தலையில் இருக்கும் அபாயப் பொத்தான்: அழுத்திய மாத்திரத்தில் குழுவில் வேறு யார் பேசினாலும் வெட்டிவிட்டு, கையில் எடுத்துப் பேச வழியில்லாத காவலருக்காக மைக்கைத் தானே 10 விநாடி திறந்து வைக்கும்.