ஃபெமினிசம்: ஒரு சொல்லும் ஒரு பத்திரமும்

போன தடவை பாஞ்சாலங்குறிச்சிக்குப் போயிருந்தபோது டீக்கடையில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, ஃபெமினிசம்னா ஆம்பளைகளுக்கு எதிரா பேசுறதுதானே?" அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

லத்தீனில் 'ஃபெமினா' என்றால் பெண். அதிலிருந்து பிரெஞ்சில் பிறந்த சொல் இது. வேடிக்கை என்னவென்றால், 1871இல் வந்த ஒரு பிரெஞ்சு மருத்துவ ஆய்வேட்டில் இது ஒரு நோய்க்குறி! காசநோய் கண்ட ஆண்களின் உடலில் பெண்தன்மை தெரிவதை அப்படிச் சொன்னார்கள். மறு வருஷமே எழுத்தாளர் அலெக்சாந்தர் துமா (மகன்), பெண்ணுரிமை பேசியவர்களை 'ஃபெமினிஸ்ட்' என்று கிண்டலடித்தார். வாக்குரிமைக்குப் போராடிய ஹூபர்ட்டீன் ஒக்லேர் 1880களில் அதே சொல்லைத் தன் கொள்கைக்குப் பெயராக்கிக்கொண்டார். 1890களில் அது ஆங்கிலத்தில் பரவியது.

சரி, இது எதிர்ப்பது எதை? 'பேட்ரியார்க்கி'யை. கிரேக்க வேர்ப்படி தந்தையின் ஆட்சி. ஆக, சண்டை அப்பாவோடு இல்லை, ஆட்சியோடுதான்.

தமிழில் இன்று பெண்ணியம் என்கிறோம். அதற்கு முன்னால் புழங்கியது 'பெண் விடுதலை'. நம்ம பக்கத்து எட்டயபுரத்துப் பாரதி அந்தத் தலைப்பிலேயே எழுதியவர்; 1905இல் 'சக்கரவர்த்தினி' என்ற பெண்கள் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் வர 1989 ஆனது. அதுவும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது. அவர்களையும் சேர்த்தது 2005ஆம் வருஷத்து மத்திய சட்டம்.

சட்டம் வந்தாச்சு. அப்புறம்?

அப்பா போன பிறகு எங்கள் கரிசல் காட்டைப் பிரித்தோம். அக்கா தன் பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். யாரும் மிரட்டவில்லை. "பொறந்த வீடு வேணும்ல, தம்பி" என்று மட்டும் சொன்னாள். உனக்கு வேண்டாமா என்று நானும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்துக்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

பாரதி எழுதிய அதே விடுதலைதான். ஆனால் இங்கே விடுபட்டது அக்காவின் பங்கு.

அந்தத் தம்பிக்கு இப்போது பதில் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் அக்காவிடம் பேச வேண்டியிருக்கிறது.