மறதிக்கு யோசனை மட்டுமா காரணம்?

முகாமிலிருந்து திரும்பிய பிறகு என் அம்மம்மாவுக்கு மறதி கூடியது. இல்லாமல்போன மாமாவுக்கும் சேர்த்துச் சோறு போட்டுவைப்பார். "யோசிச்சு யோசிச்சுத்தான் இப்படி" என்றோம். வைத்தியரிடம் கூட்டிச்செல்லவில்லை.

மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். இதில் அமிலாய்ட் பீட்டா, டவ் என்ற இரு புரதங்கள் சரியாக மடியாமல் மூளையில் ஒட்டித் திரள்கின்றன. நரம்புக் கலங்கள் அழிகின்றன.

வயது, பரம்பரையோடு இப்போது வைரஸ்கள் மீதும் சந்தேகம் எழுந்துள்ளது. அமிலாய்ட் பீட்டா ஹெர்பிஸ் வைரஸைச் சுற்றிப் பிடிப்பதை 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கிருமியை மறிக்க எழுந்த வேலியே பின்னர் மூளையில் தேங்கிவிடுகிறதோ என்பதுதான் கேள்வி.

அம்மாள் வருத்தம் தரும் வைரஸும் அதே குடும்பம். வருத்தம் மாறினாலும் அது நரம்பில் உறங்கிக்கிடந்து, முதுமையில் அக்கியாக எழக்கூடும். பிரித்தானியாவின் வேல்ஸில் 2013இல் அக்கித் தடுப்பூசி தொடங்கியபோது, 1933 செப்டெம்பர் 2ஆம் திகதிக்கு முன் பிறந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தத் திகதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஏழு ஆண்டுகள் ஒப்பிட்டதில், ஊசி பெற்றவர்களிடம் மறதி நோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2025இல் வெளியான இம்முடிவு இறுதி நிரூபணம் அல்ல. ஆனால் வலுவான தடயம்.

போரின் துயரும் மறதியைக் கூட்டக்கூடும். அதற்காக எல்லா மறதியையும் துயரம் என்று விட்டுவிடாதீர்கள். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு போன்றவற்றால் வரும் மறதி சிகிச்சையால் தேறக்கூடும். எது என்று அறியப் பரிசோதனை வேண்டும். அம்மம்மாவுக்கு நாங்கள் செய்யத் தவறியது அதைத்தான்.